மறைத்து வைத்த வயிறும் போடாத ஊசியும்

கண்ணு,

போனில் பேசினால் நீ, "சரிம்மா, ஷிப்ட் முடிச்சிட்டுக் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய். பிறகு கூப்பிடுவதில்லை. காலமெல்லாம் பிள்ளைகள் முன்னால் நின்று பேசியே பழகியவள் நான். பாடத்தின் நடுவில் எழுந்து போகிறவனை எனக்குப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து கொண்டுவருகிற சின்னப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். "யாருக்கும் சொல்லிடாதம்மா" என்று நீ கேட்டுக்கொண்ட சங்கதியைத்தான் கள்ளக்குறிச்சியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. உன் மனைவி பூங்கொடியைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது பின்னால் வரும்.

முதலில் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் புத்திமதி மட்டும் சொன்னால், மாமியார்க்காரி ஏதோ மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நீ நினைப்பாய். மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். உன் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்பது எனக்கு ஐந்தாம் மாதம் தெரிந்தது. அவள் அம்மா சின்னபொண்ணுக்கு நாள் தள்ளிப்போன வாரமே தெரியும். நீயும் சின்னபொண்ணும் பேசி வைத்துக்கொண்டு பூங்கொடியைக் கல்வராயன் மலைக்கு, அவள் தாய் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவள் அங்கே வாந்தி எடுத்தபோது சின்னபொண்ணு நெற்றியைத் தாங்கியிருக்கிறாள். புளிப்பு கேட்டபோது புளியங்காய் பறித்துவந்து கொடுத்திருக்கிறாள். நான் இங்கே வீட்டில் உட்கார்ந்து, மருமகள் அம்மா வீட்டில் ரெண்டு மாசம் இருந்துவிட்டு வரட்டுமே என்று டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் புளியங்காய் மேல்கூடப் பொறாமையாக இருக்கிறது என்றால் சிரிப்பாய். சிரி.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, காரணம் தெரியும். முதல் தடவை அவள் உண்டானபோது நான் சந்தோஷத்தில் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தேன். மூன்றாம் மாதம் அது கலைந்துபோனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முகத்தைப் பார்த்து, "நீதாம்மா ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிச்ச. எவ கண்ணு பட்டுதோ" என்றாய். அதே சமயம் உள்ளே டாக்டரம்மா பூங்கொடியிடம், "இது நெறைய பேருக்கு ஆகறதுதான்மா. நீ செஞ்சதும் இல்ல, மத்தவங்க செஞ்சதும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உன் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நீ எடுத்துக்கொண்டிருக்கமாட்டாய். ஏனென்றால் உன் காதில் சின்ன வயதிலேயே வேறொரு கதை போய்த் தங்கிவிட்டது. உனக்கு முன்னால் பிறந்து போன உன் அண்ணன், பெரிய வீட்டு மருமகளின் கண் பட்டுச் செத்துப்போனான் என்கிற கதை. என் மாமியார் அதை உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லுவார். நான் பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். இன்று, அந்தக் கதையில் உண்மையாக என்ன நடந்தது என்பதை உனக்கு முழுசாகச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கச்சிராயபாளையத்தை ஒட்டிய நம் ஊர்க் காலனியில் இருந்தோம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஆர்டர் வருகிற நாளை எதிர்பார்த்துக்கொண்டு கரும்புக் கொல்லையில் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். கரும்புத் தோகை கையைக் கிழிக்கும் என்பதற்காக எல்லாப் பெண்களும் புடவைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். அந்தச் சட்டைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. வயிறு தெரியாது. வயிறு தெரிந்தால் மேஸ்திரி, "உனக்கு இன்னாத்துக்கும்மா வேல, வூட்ல குந்து" என்று சிரித்துக்கொண்டே மறுநாளிலிருந்து கூப்பிடமாட்டார். கூலி போனால் அடுப்பு எரியாது. இது ஒரு காரணம். அடுத்தவர் பொறாமைக் கண் படும் என்கிற பயம் இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்து, காலனியில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் இனிமேல் மறைக்கவே முடியாது என்கிற மாதத்தில்தான் பக்கத்து வீட்டுக்கே தெரியும்.

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நர்ஸம்மா அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ஊர்த் தெருவில், பெரிய வீடு என்று நாங்கள் சொல்லுகிற நிலக்காரர் வீட்டு முன்னறையில்தான் உட்காருவார். அங்கேதான் மின்விசிறியும் நாற்காலியும் இருந்தன. ஊர்த் தெருப் பெண்கள் முன்வாசல் வழியாகப் போவார்கள். நாங்கள் போவதாக இருந்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்கவேண்டும். உள்ளே எல்லோருக்கும் முடிந்த பிறகு, மருந்து மிச்சமிருந்தால் நர்ஸம்மா அங்கே வந்து போடுவார். போகாதே என்று எங்களை யாரும் தடுக்கவில்லை. இப்படிப் போ என்று மட்டும் வைத்திருந்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. காலனிப் பெண்கள் யாரும் போகவில்லை.

நான் போனேன். பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் ரணஜன்னியை, டெட்டனஸ் என்கிறார்களே அதைப் பற்றிப் படித்திருந்தேன். தாய்க்கு ஊசி போட்டால் அந்தக் காப்பு இரத்தம் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். என் மாமியார், "வாணாம்டி படிச்சவளே. அந்த வூட்டு மருமவளும் வயித்துக்காரி. ரெண்டு வயிறு ஒண்ண ஒண்ணு பாத்துக்கக் கூடாது. உன்னுத அவ பாத்துட்டா அவ்ளோதான்" என்றார். நான் கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போகிறவள் மாதிரியே கிளம்பி, பின்பக்கம் போய் நின்றேன். கொட்டகையிலிருந்து பார்த்தால் கதவு வழியாக முன்னறை தெரியும். பெரிய வீட்டு மருமகள் கோமதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆகிற அதே மாதம்தான் அவளுக்கும். ஊசி போடும்போது அவள் முகத்தைச் சுளித்தாள். உடனே அவள் மாமியார் தலையைத் தடவினார், நாத்தனார் மோர் கொண்டுவந்தாள், மாமனார்கூட வாசலிலிருந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். நான் சாணி நெடியில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். எனக்கு அந்த ஊசி மேல் பொறாமை வரவில்லை. ஊசி எனக்கும் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு எறும்புக்கடி வலிக்கு மூன்று பேர் ஓடிவந்தார்களே, அதன் மேல் வந்தது. கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மாவோடு வந்த அம்மா வெளியே வந்து, "மருந்து ஆயிப்போச்சி. அடுத்த வாட்டி வாங்க" என்றாள். அடுத்த வாட்டிக்குள் உன் அண்ணன் பிறந்துவிட்டான்.

நல்ல நிறமாக, கனமாக இருந்தான். வீட்டில்தான் பிரசவம், தொப்புள்கொடியை எங்கள் காலனி மருத்துவச்சிதான் அறுத்துச் சாம்பல் வைத்தாள். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒருநாள் காலையில் வாயைத் திறக்கவில்லை. பால் ஒழுகி என் மடியை நனைக்கிறது, அவனுக்கு உதடு விரியவில்லை. யாராவது தொட்டால், தட்டு கீழே விழுந்தால், உடம்பு வில்லாக விறைக்கும். உன் அப்பாவும் நானும் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பார்த்த டாக்டர், "ரணஜன்னி. மாசமா இருக்கும்போது ஊசி போட்டிருந்தா வந்திருக்காதும்மா" என்றார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பிள்ளை மறுநாள் போய்விட்டான். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னார்: "போவாதன்னேன், போன. அவ கண்ல பட்ட. முடிஞ்சிது." டாக்டர் சொன்னதைக் காலனியில் யாரும் கேட்கவில்லை. இதை எல்லோரும் கேட்டார்கள். ஊசி போடாததால் செத்த பிள்ளை, ஊசி போடப் போனதால் செத்தான் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பல வருஷம் காலனியில் ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

பிறகு எனக்கு ஆர்டர் வந்தது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை. அங்கே இருக்கும்போதுதான் நீ வந்தாய். உன்னைச் சுமந்தபோது நான் வயிற்றை மறைக்கவில்லை, ஊசியை மறைத்தேன். இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். என் மாமியாரிடம் மூச்சு விடவில்லை. நீ முழுசாக வந்து சேர்ந்தாய். அதைக்கூட அவர், மலைக்காட்டில் யார் கண்ணும் படாமல் பெற்றதால் பிழைத்தாய் என்றுதான் சொன்னார். நானும் மறுக்கவில்லை. பிள்ளை கையில் இருக்கும்போது யார் வாதாடுவார்கள்? இப்போது நீ பூங்கொடியை மலையில் கொண்டுபோய் வைத்திருப்பது அந்தக் கதையை நம்பித்தான் என்று எனக்குத் தெரியும். நீ பிழைத்தது மலையால் இல்லை, கண்ணு.

சில வருஷம் கழித்து மாற்றலாகிக் கீழே நம் ஊர்ப்பக்கப் பள்ளிக்கே வந்தேன். ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். கோமதியின் மகன் மாதவன் அந்த வகுப்பில் இருந்தான். என் பிள்ளை இருந்தால் அதே பெஞ்சில் இருந்திருப்பான். நான் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பார்க்கிறவள் என்று பெயர் வாங்கியவள். அந்த ஒரு வருஷம் அது பொய். அவன் பல் விழுந்து முளைத்ததைப் பார்த்தேன். கால்சட்டை குட்டையாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். கரும்பலகையில் எட்டாத இடத்தில் எழுத எம்பியபோது, இவ்வளவு உயரம்தான் இருப்பானா அவனும் என்று பார்த்தேன். மாதவன் நல்ல பிள்ளை. "டீச்சர் டீச்சர்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவான். அவன் காய்ச்சல் என்று பள்ளிக்கு வராத ஒருநாள் என் மனதில் என்ன ஓடியது என்பதை இங்கே எழுதமாட்டேன். மறுநாள் அவன் வந்ததும் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்த சமயம் கோமதி ஒரு தூக்கு நிறைய பாயசத்தோடு பள்ளிக்கு வந்தாள். "டீச்சர், இவனுக்குக் கணக்கு வந்ததே உங்களாலதான். எங்க வூட்டுக்காரரு ஆச்சரியப்பட்டுப் போயிட்டாரு" என்றாள். பிறகு, "நீங்க நம்ம ஊருதானாமே? இவன் சொன்னான். எந்தத் தெரு டீச்சர்?" என்று கேட்டாள். காலனி என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதைச் சொல்லவேண்டும். கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியா? இத்தினி வருஷம் ஒரே ஊர்ல கீறோம், உங்கள நான் ஒருவாட்டிகூடப் பாத்ததில்லயே டீச்சர்" என்றாள். உண்மையாகத்தான் கேட்டாள். நான் பாயசத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையைக் கொன்றதாக ஊரே சொன்ன அந்தக் கண் என்னைப் பார்த்ததே இல்லை. மாட்டுக்கொட்டகையில் நின்றவளை அவளும் பார்க்கவில்லை, நர்ஸம்மாவும் பார்க்கவில்லை. அந்த ஊரில் எங்களை யாராவது பார்த்திருந்தால், இங்கே ஒருத்தி நிற்கிறாளே, இவளுக்கும் ஒன்று எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். உன் அண்ணன் பார்வை பட்டுச் சாகவில்லை. எங்களைப் பார்க்க ஆளில்லாமல் செத்தான்.

எனக்கு உதாரணம் சொல்லாமல் பாடம் எடுக்கத் தெரியாது, பொறுத்துக்கொள். சத்துணவில் முட்டை போடுகிற நாளில் ஆஜரான பிள்ளைகளை எண்ணித்தான் முட்டை வேகவைப்பார்கள். ஒரு பெண் இருந்தாள், கூச்சக்காரி. பெயர் கூப்பிடும்போது வாயே திறக்கமாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள். புதிதாக வந்த வாத்தியார் வரவில்லை என்று போட்டுவிடுவார். மத்தியானம் அவளுக்கு முட்டை இருக்காது, மூலையில் அழுவாள். வாத்தியாருக்கு அவள் மேல் கோபமா? இல்லை. முட்டை பஞ்சமா? இல்லை. அவள் இருப்பது அடுப்படிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உன் பூங்கொடியின் நிலைமையும் அதுதான். போன மாதம் நம் தெரு நர்ஸம்மா வண்டியை நிறுத்தி, "டீச்சர், மருமவள காணோமே, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டார். நீ சொல்லிவைத்த மாதிரி, "அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்று மட்டும் சொன்னேன். மலையில் வருகிற நர்ஸம்மா சின்னபொண்ணைக் கேட்டிருக்கிறார்: "உம் பொண்ணு வந்துகீறாளாமே, மாசமா இருந்தா கீழயே பதிஞ்சிட்டாளா?" சின்னபொண்ணு, "ஆங்" என்று ஒரு தலையாட்டலில் முடித்துவிட்டாள். கீழே இருக்கிறவர், விசேஷம் இருந்தால் மலையில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்; மலையில் இருக்கிறவர் கீழே எல்லாம் நடப்பதாக நினைக்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். நடுவில் ஒரு பிள்ளை காப்பு இல்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அவள் முழுகாமல் இருப்பதை நீ போனில் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலை பஸ் பிடித்து வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து நடந்து போனேன். சின்னபொண்ணு வாசலில் மரவள்ளிக்கிழங்கைக் குவித்துவைத்து மண் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வா டீச்சரம்மா, இன்னா திடீர்னு? சொல்லிட்டு வந்திருந்தா கோழி அடிச்சிருப்பேன்ல."

"கோழி எங்கயும் ஓடிப்போயிடாது சம்மந்தி. பூங்கொடிக்கு ஊசி போட்டாச்சா?"

"உக்காரு மொதல்ல. வந்ததும் வராததுமா பரிச்சை வைக்கிற."

"போட்டாச்சா, இல்லியா?"

"இல்ல. மாப்ளதான் யாருக்கும் தெரியவே கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. நர்ஸு வந்தா ரோட்டோரத்து ஸ்கூல்லதான் குந்தும். அங்க போனா மல மொத்தமும் பாக்கும். மாப்ள பேச்ச மீறி நான் கூட்டிக்கினு போயி நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, நீயா வந்து பதில் சொல்லுவ?" அதோடு விடவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொன்ன, உம் புள்ளைக்கு இத மட்டும் உட்டுட்டியே டீச்சரம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகக் கோபம் வந்தது.

பூங்கொடி உள்ளேயிருந்து வந்தாள். தொளதொள நைட்டிக்கு மேலே துண்டு போட்டிருந்தாள். சட்டைக்குப் பதில் துண்டு. வேறு எதுவும் மாறவில்லை. நல்ல அழகாக இருந்தாள் உன் மனைவி. கன்னம் பூசியிருந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பொறாமை வந்தது: எங்கள் காலத்தில் எட்டிப் பிடிக்க முடியாதது எல்லாம் இவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பணம் கேட்காமல் ஊசி போட ஆள் வருகிறது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நாற்காலி போட்டிருக்கிறது. எனக்கு அது கிடைத்திருந்தால் உன் அண்ணனுக்கு இன்று தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். "ஏம்மா போகல? உனக்குப் பயமா?" என்று கேட்டேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஊசிக்குப் பயம் இல்லீங்க அத்தெ. எனக்கும் போட்டுக்கணும்னுதான் கீது. ஆனா போன வாட்டி கலைஞ்சப்போ அவரு உங்கள சொன்னாரு. நீங்க பெத்தவங்க, தாங்கிக்கினீங்க. இந்த வாட்டி நான் போயிட்டு வந்து ஏதாச்சும் ஆச்சின்னா என்னெத்தான சொல்லுவாரு. நான் எங்கங்க அத்தெ போவேன்?"

கண்ணு, "போவாதன்னேன், போன" என்று என் மாமியார் சொன்ன குரல் எனக்குக் கேட்டது. அதே குரலை நீ அவளுக்குப் போடுவாய் என்று அவள் பயப்படுகிறாள். நீ நல்லவன். சம்பளத்தை அப்படியே அனுப்புகிறாய், கை நீட்டுவதில்லை, குடிப்பதில்லை. ஆனால் உன் மனைவி இரண்டு பயத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைக்கு வரக்கூடிய நோய் ஒன்று. உன் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தை ஒன்று. அவளுக்கு நோயைவிட வார்த்தைதான் பெரிசாகத் தெரிகிறது. கூலிக்குப் போகிற பெண்கள், மலைப் பெண்கள், எங்கள் காலனிப் பெண்கள் ஊசி போட்டுக்கொள்வதில்லை என்றால், அவர்களுக்குப் புத்தி இல்லை என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் பேசுவார்கள்; நானே பேசக் கேட்டிருக்கிறேன். புத்தி இருக்கிறது. போய்விட்டு வந்தபின் ஏதாவது ஆனால் தன் பக்கம் நிற்க ஒரு ஆள் இருக்காது என்பதும் அந்தப் புத்திக்குத் தெரிந்திருக்கிறது. கோமதிக்கு வலித்தால் மூன்று பேர் வந்தார்கள். பூங்கொடிக்கு நீ ஒருத்தன் வந்தால் போதும்.

நான் கிளம்பும்போது, "இதெல்லாம் எழுதப்போறேன்மா. உம் பேர மாத்திடட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்குங்க மாத்தணும்? எம் பேரப் போட்டே எழுதுங்க அத்தெ. நான் இன்னா திருடியா வெச்சிக்கினு கீறேன்?" என்று சொல்லிவிட்டு வயிற்றின் மேல் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். பிறகு முதுகு வலிக்கிறது என்று போய்த் தன் அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். சின்னபொண்ணு கிழங்கு மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவள் தலையைக் கோதினாள். ஒரு தடவை என் மடியில் படுத்ததில்லை உன் மனைவி.  அதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

இனி நீ செய்யவேண்டியது. அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. இரண்டு ஊசி, நடுவில் ஒரு மாதம் இடைவெளி, பிரசவத்துக்கு முன்னால் இரண்டும் முடிந்து கொஞ்ச நாளாவது ஆகியிருக்கவேண்டும். நேரம் இருக்கிறது, தள்ளிப்போட இல்லை. வருகிற புதன்கிழமை நர்ஸம்மா அந்தப் பள்ளிக்கு வருகிறார், நான் விசாரித்துவிட்டேன். கை கொஞ்சம் வீங்கலாம், ஒருநாள் உடம்பு கதகதப்பாக இருக்கலாம். அதைப் பார்த்து நீ பதறி ஏதாவது சொல்லிவைக்காதே. அதற்கு முன்னால் நீ ஒரு போன் செய்யவேண்டும். எனக்குச் செய்யாதே. நான் சொல்லி அவர்கள் கேட்கப்போவதில்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பூங்கொடிக்குச் செய். "போய்ப் போட்டுக்க. இன்னா ஆனாலும் உன்ன ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்" என்று அவள் காதில் விழும்படி சொல். சொல்லிவிட்டு, போனைச் சின்னபொண்ணு கையில் கொடுக்கச் சொல்லி, "நீங்களே கூட்டிக்கினு போங்க அத்தெ" என்று அவளிடமும் சொல். உன் வாயால் அவள் கேட்கவேண்டும். அவள்தான் கூட்டிப்போகவேண்டும். பூங்கொடிக்கு நெஞ்சு படபடத்தால் பிடித்துக்கொள்ளத் தெரிந்த கை அதுதான், என்னுடையது இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஊசி போட்டாகிவிட்டது என்ற சேதி முதலில் உனக்கு வரும். பிறகு சின்னபொண்ணு தன் அக்கம்பக்கத்துக்குச் சொல்லுவாள். அப்புறம் எப்போதாவது, யாருக்காவது ஞாபகம் வந்தால், டீச்சரம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று எனக்குச் சொல்வீர்கள். எல்லோருக்கும் கடைசியில் தெரிந்துகொண்டவளாக நான் இங்கே உட்கார்ந்து வயிறு எரிவேன். நான் வாழ்க்கையில் பட்ட பொறாமைகளில் கேட்டு வாங்கிக்கொள்ள ஆசைப்படுவது அந்த ஒன்றுதான். அதை எனக்குக் கொடு, கண்ணு.

அம்மா